ஏழாம் நாள் போட்டோ

போன வாரம் கதையை முடித்தபோது அம்மாவைக் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்திவிட்டுப் போனோம். இந்த வாரமும் அவள் அங்கேயேதான் நிற்கிறாள். நமக்கு ஏழு நாள் ஓடியிருக்கலாம். அவளுக்குப் பல் தேய்த்த நுரை இன்னும் உதட்டில் காயவில்லை.

இடது கண்ணின் மேல் இமை இறங்கியிருந்தது.

கொஞ்சம்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகிற கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போவாரே, அந்த அளவு. வலது கண் அகலத் திறந்து வியாபாரம் பார்த்துக்கொண்டிருக்க, இடது கண் மட்டும் கடையைச் சாத்தலாமா வேண்டாமா என்று யோசனையில் இருந்தது.

அம்மா நெற்றியைச் சுருக்கிப் பார்த்தாள். நெற்றி கேட்கவில்லை. இஸ்திரி போட்ட தலையணை உறை மாதிரி வழவழவென்று கிடந்தது.

அந்த நெற்றி ஒரு காலத்தில் எப்படிப்பட்ட நெற்றி. அம்மா முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள். பாடம் நடத்தியதைவிடப் பரீட்சை ஹாலில் நின்றதுதான் அதிகம். இரண்டு புருவத்துக்கும் நடுவே நெட்டுக்குத்தாக இரண்டு கோடு. பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயரே 'பதினொண்ணு'. பதினொண்ணு தெரிந்தால் போதும், கடைசி பெஞ்சில் ஒளித்து வைத்த துண்டுச் சீட்டு தானாக நடந்து வந்து மேஜையில் ஏறி உட்காரும். ஒருமுறை பார்வையிட வந்த மேலதிகாரியே அவளைப் பார்த்ததும் தன் பையிலிருந்த காகிதத்தையெல்லாம் எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டார் என்று ஒரு பேச்சு உண்டு.

அந்தப் பதினொண்ணை அவள் ஊசி போட்டு அழித்தது அழகுக்காக இல்லை. மகளுடைய குரலைக் கேட்பதற்காக.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காலையில் மகள் ஒரு பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். புருஷன் வீட்டில் இனி இருக்க முடியாது என்றாள். அம்மா கதவைப் பாதிதான் திறந்தாள். பதினொண்ணு பளிச்சென்று தெரிய, "ஒரு வருஷம் கூட ஆகல, அதுக்குள்ள பெட்டியத் தூக்கிட்டியா? போ, போய் அனுசரிச்சுக்கப் பாரு" என்றாள். கதவை மூடினாள். மகள் அந்த வீட்டுக்கும் போகவில்லை, இந்த வீட்டுக்கும் அப்புறம் வரவில்லை. அம்மாவின் நம்பரைத் தன் போனில் பிளாக் செய்துவிட்டாள். ஒன்றாம் தேதி ஒன்றாம் தேதி அப்பாவுக்கு மட்டும் இரண்டே வார்த்தையில் செய்தி வரும்: 'நல்லா இருக்கேன்.'

அப்பா லிப்ட் மெக்கானிக். போன மாதம் ஒரு கட்டடத்தில் நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே கயிற்றோடு தொங்கிக்கொண்டிருந்தபோது கதவு இடுக்கில் ஒரு ஜோடி செருப்பு நடந்து போனது. கூடவே ஒரு குரல்: "நெத்தியத் தேய்க்காதீங்க மேடம். இருபத்தி நாலு மணி நேரத்துக்குக் கைய வைக்காதீங்க." மூன்று வருஷம் கழித்து அவர் மகளைப் பார்த்தது அவ்வளவுதான். ஒரு ஜோடி செருப்பு.

அந்தக் கட்டடத்தில் ஒரு ஸ்கின் கிளினிக். சுருக்கத்துக்கு ஊசி போட்டுக்கொண்டவர்களைப் போனில் கூப்பிட்டு விசாரிப்பது மகளின் வேலை. அம்மா வந்து பார்க்கலாமா என்று அப்பா ஒரு செய்தி அனுப்பினார். 'அம்மா இங்க வந்தா அன்னைக்கே வேலைய விட்டுருவேன்' என்று பதில் வந்தது.

நேரில் போக வழியில்லை. அம்மா யோசித்தாள். ஊசி போட்டவர்களைக் கிளினிக் நாலு தடவை கூப்பிடும்: நாலு மணி நேரம் கழித்து, மறுநாள், ஏழாம் நாள், பதினாலாம் நாள். மகள் கூப்பிடமாட்டாள். ஆனால் கிளினிக் கூப்பிட்டுத்தானே ஆகவேண்டும்.

புது சிம் வாங்கினாள். மகள் உட்காரும் ஐந்தாம் மாடிப் பக்கம் தலை வைக்காமல், ஊசி போடுகிற இரண்டாம் மாடியிலேயே நெற்றியை நீட்டினாள். பெயர் கேட்டபோது தன் மாமியாரின் பெயரைச் சொன்னாள். உலகத்தில் இத்தனை கோடிப் பெயர் இருக்க, அவளுக்குச் சட்டென்று வாயில் வந்த பொய்ப் பெயர், மகளுக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயர். பரீட்சை ஹாலில் இப்படிக் காப்பியடித்தவனைப் பதினொண்ணு ஒரு நொடியில் பிடித்திருப்பாள்.

முதல் 'ஹலோ'விலேயே மகள் பிடித்திருப்பாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவள் 'மேடம்' என்றாள். இவள் 'சொல்லும்மா' என்றாள். இரண்டு பேரும் இரண்டு தடவை அப்படியே பேசி வைத்தார்கள்.

இரண்டாம் தடவை பன்னிரண்டு நிமிஷம் பேசினார்கள். அம்மா கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு கேட்டாள்.

"தும்மலாமாம்மா?"

"தும்மலாம் மேடம்."

"குனிஞ்சு செருப்பு மாட்டலாமா?"

"இன்னைக்கு மாட்டலாம். நேத்துத்தான் நாலு மணி நேரம் குனியக்கூடாது, படுக்கக்கூடாதுன்னு சொன்னது."

"சிரிக்கலாமா?"

"தாராளமா."

"கோபப்படலாமா?"

"படலாம் மேடம். வெளிய தெரியாது."

வைப்பதற்கு முன், "புதன்கிழமை எனக்கு லீவு மேடம், அன்னைக்கு ஏதாவது சந்தேகம்னா வேற ஆள் எடுப்பாங்க" என்றாள். அம்மா உடனே கூடத்துச் சுவர்க் காலண்டரில் வருஷம் முடிய இருக்கிற அத்தனை புதன்கிழமையையும் சிவப்பு மையால் சுழித்து வைத்தாள். காலண்டருக்கு அம்மை போட்டது போல் ஆகிவிட்டது.

எல்லாம் பதினாலாம் நாளுக்காக. கிளினிக்கில் கொடுத்த தாள் பிரிட்ஜ் கதவில் காந்தத்தில் தொங்குகிறது. அதில் கடைசி வரி: 'பதினாலாம் நாள் அழைப்பில் வாடிக்கையாளர் தம் மனத்தில் பட்டதை விரிவாகச் சொல்லலாம். ஊழியர் குறுக்கிடமாட்டார். வாடிக்கையாளர் துண்டிக்கும்வரை இணைப்பைத் துண்டிக்கவும் மாட்டார்.'

அதைப் படித்த நாளிலிருந்து அம்மாவுக்கு அந்தத் தாள்தான் வேதம். தாளின் பின்பக்கம், மகளிடம் சொல்ல வேண்டியதை எழுதி, அடித்து, திருத்தி, மறுபடி எழுதி, பதினேழு வரிக்குக் கொண்டுவந்திருந்தாள். மூன்று வருஷமாகத் தொண்டையில் நின்ற பதினேழு வரி.

ஆனால் அதே தாளில் பொடி எழுத்தில் இன்னொன்றும் இருந்தது. 'இமை இறங்கினாலோ பார்வை இரட்டையானாலோ உடனே தெரிவிக்கவும். உங்கள் கோப்பு மருத்துவருக்கு மாற்றப்படும். தொலைபேசி விசாரிப்பு அத்துடன் முடியும்.'

இன்று ஏழாம் நாள். பதினோரு மணிக்கு மூன்றாவது போன். இமை இறங்கியிருக்கிறது.

இனி மேலே போவோம்.

"ஏங்க, இங்க வாங்க."

அப்பா பாதி ஷேவ் பண்ணிய முகத்தோடு வந்தார். இவருக்கு ஒரு பக்கம் நுரை, அவளுக்கு ஒரு பக்கம் இமை. கண்ணாடிக்குள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முழு முகம் தேறியது.

"என்னப் பாருங்க. ஏதாவது தெரியுதா?"

முப்பத்தைந்து வருஷக் குடித்தனம் அவருக்கு ஒரே பதிலைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தது. "ஒண்ணும் தெரியலையே. நல்லாத்தான் இருக்க."

"கண்ணப் பாருங்க."

"ரெண்டும் இருக்கு."

"ஒழுங்காப் பாருங்க."

அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மோட்டாரைச் சோதிக்கிற மாதிரி குனிந்து நிமிர்ந்து பார்த்தார். "இடது பக்கம் பாதி வழியில நிக்குது."

"அதத்தான் கேக்கறேன். எதனால?"

அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். முதல் நாள் முதல் போன் வந்து முடிந்ததும் என்ன நடந்தது என்பதை இரண்டு பேருமே பேசியதில்லை. மூன்று வருஷம் கழித்துக் காதில் விழுந்த குரல். போனை வைத்துவிட்டு அம்மா கட்டிலில் குப்புற விழுந்தாள். இரண்டு உள்ளங்கையாலும் கண்ணையும் நெற்றியையும் மாவு பிசைகிற மாதிரி பிசைந்து அழுதாள். தாளில் 'செய்யாதீர்கள்' என்று ஒன்பது இருந்தது. அதில் ஏழைக் கால் மணி நேரத்தில் செய்து முடித்தாள். மீதி இரண்டும் நீச்சலும் நீராவிக் குளியலும், வீட்டில் வசதியில்லை.

"டாக்டர்கிட்ட சொல்லிரு" என்றார் அப்பா.

"சொன்னா பைல் கை மாறிரும். பதினாலாம் நாள் போன் வராது."

"கண்ணு முக்கியமா, போன் முக்கியமா?"

"போன்."

அப்பா மிச்ச நுரையைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. ஊரில் எத்தனை லிப்ட் எத்தனை பேரோடு எந்த மாடியில் தொங்கியதோ, தெரியாது.

போன் மட்டும் என்றால் கூடச் சமாளித்திருப்பாள். குரலுக்கு இமை கிடையாது. ஆனால் ஏழாம் நாள் மட்டும் போட்டோ கேட்பார்கள். மூன்று போட்டோ: சும்மா பார்ப்பது, புருவத்தைத் தூக்குவது, புருவத்தைச் சுருக்குவது. பத்தரைக்குள் அனுப்பவேண்டும்.

"அவளக் கூப்பிடுங்க" என்றாள் அம்மா.

அவள் என்றால் அம்மாவின் தங்கை. பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். குடும்பத்தில் அவளுக்குப் பெயர் 'ரேடியோ'. அவளிடம் ஒரு ரகசியம் சொன்னால் அது சொன்னவர் வீடு திரும்புவதற்குள் அவர் வீட்டு வாசலில் வந்து காத்திருக்கும். இந்த ஊசி விஷயத்தை மட்டும் ஏழு நாளாகக் காப்பாற்றியிருந்தாள். அதில் அவளுக்கு இரண்டு கிலோ இளைத்துவிட்டது.

ரேடியோ ஒரு பெட்டியோடு வந்தாள். அக்காவை ஒரு பார்வை பார்த்தாள்.

"அக்கா, உன்னப் பாத்தா எனக்குத் தூக்கம் வருது."

"வாய மூடிட்டு வழியச் சொல்லுடி."

"வழி இருக்கு. கல்யாணப் பொண்ணுங்களுக்கு ஒட்டற டேப். கண்ணு சின்னதா இருந்தா இமைய மடிச்சு உள்பக்கமா ஒட்டிருவோம். மாப்பிள்ளைக்கு மறுநாள்தான் தெரியும்."

"எனக்கு ஒரு நிமிஷம் நின்னாப் போதும்."

"அழாம இருந்தா நிக்கும்."

பிறை மாதிரி வெட்டிய ஒரு துண்டை இடுக்கியால் எடுத்தாள். நாலாவது துண்டில் இமை ஏறி நின்றது. கண் பழையபடி திறந்தது. கொஞ்சம் அதிகமாகவே திறந்தது. வலது கண் வீட்டில் இருக்க, இடது கண் மட்டும் ஏதோ திருடனைக் கண்டுவிட்ட மாதிரி இருந்தது.

"பரவால்ல, தூரத்துலருந்து எடுத்தாத் தெரியாது" என்றாள் ரேடியோ. "மாமா, நீங்க எடுங்க."

அப்பா போனை இரண்டு கையாலும் பிடித்தார். ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு அம்மாவை உட்கார வைத்தார்கள்.

சும்மா பார்ப்பது முடிந்தது.

"இப்ப புருவத்தத் தூக்கு."

"தூக்கிட்டேன்."

"எப்போ?"

"இப்பத்தான். தூக்கிட்டுத்தான இருக்கேன்."

"சரி, இறக்காத" என்று ஒன்று எடுத்தார். முதல் போட்டோவுக்கும் இரண்டாவதுக்கும் பின்னாலிருந்த கடிகாரத்தின் முள்ளைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை.

"இப்ப கோபமாப் பாரு."

அம்மா பார்த்தாள்.

"கோபமா."

"பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"அவ மாமியார் வீட்டு ஆளுங்கள நெனச்சுக்கக்கா" என்றாள் ரேடியோ.

"நான் என்னையே நெனச்சுப் பாத்துட்டேன்டி. அப்பவும் வரல."

அப்பா மெல்ல பொத்தானை அமுக்கினார்.

மூன்றாவது போட்டோவை அம்மா வாங்கிப் பார்த்தாள். யாரோ ஒரு சாந்தமான அம்மாள். யாரையும் எதுவும் சொல்லமாட்டாள் போன்ற ஒருத்தி. ஒரு பையன் முழுப் புத்தகத்தையே மடியில் வைத்து எழுதினாலும், எழுதட்டும் பாவம் என்று விட்டுவிடுகிற ஒருத்தி.

"இந்த மூஞ்சியோட அன்னைக்கு வாசல்ல நின்னிருந்தா, அவ உள்ள வந்திருப்பா இல்லங்க?"

அப்பா பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். முப்பத்தைந்து வருஷமாக அப்படித்தான் இருந்தார்.

"மூஞ்சி என்ன பண்ணுச்சு" என்றார். "மூடுனது கதவு."

சொன்ன பிறகு அவருக்கே தன் வாயைப் பார்த்துப் பயமாகிவிட்டது. ரேடியோ பெட்டியை மூடுகிற சாக்கில் தலையை அதற்குள் விட்டுக்கொண்டாள். அம்மா போட்டோ மூன்றையும் அனுப்பினாள். மணி பத்து இருபத்தெட்டு.

பதினோரு மணிக்கு, ஒரு நொடி முன்பின் இல்லாமல், போன் அடித்தது.

அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். முதலில் ஒரு பதிவுக் குரல், இந்த உரையாடல் பதிவாகிறது என்றது. பிறகு அவள்.

"வணக்கம் மேடம். ஏழாம் நாள் விசாரிப்புக்காகக் கூப்பிடறேன். பேசலாமா?"

"பேசலாம்மா. உனக்குச் சளி பிடிச்சிருக்கா?"

"மேடம், ஊசி போட்ட எடத்துல வீக்கம், கன்னிப்போன மாதிரி ஏதாவது?"

"இல்ல. மூக்கடைச்ச மாதிரி இருக்கே குரல்."

"தலைவலி?"

"இல்ல."

"முழுங்கறதுக்கோ மூச்சுக்கோ கஷ்டம்?"

"இல்ல."

"ஒரு பொருள் ரெண்டாத் தெரியுதா?"

"இல்லம்மா. உன் கேள்வியெல்லாம் நல்லா இருக்கு. ஒண்ணொண்ணா மெதுவாக் கேளு. எனக்கு அவசரமில்ல."

"இமை கனமா இருக்கா? இறங்கின மாதிரி?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். ஒரு கண்ணால் கெஞ்சினாள், ஒரு கண்ணால் முறைத்தாள்.

"இல்ல" என்றாள்.

விசைப்பலகைச் சத்தம் கேட்டது. நின்றது.

"போட்டோ பாக்கறேன் மேடம்."

அதன்பிறகு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. நாற்காலிச் சத்தம் இல்லை, விசைப்பலகை இல்லை. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது இந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. ரேடியோ அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணாவது போட்டோவுல நெத்தியச் சுருக்கச் சொல்லியிருந்தோம் மேடம்."

"சுருக்கித்தான் இருக்கேம்மா."

"சுருக்கித்தான் இருக்கீங்களா?"

"என்னால முடிஞ்ச மட்டும்."

"ஊசி நல்லா வேலை செஞ்சிருக்கு" என்றாள் மகள். குரலில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. பிறகு இன்னும் மெல்ல, "இடது இமையில டேப் ஒட்டியிருக்கீங்க. ஓரம் பளபளன்னு தெரியுது" என்றாள்.

பரீட்சை ஹாலில் துண்டுச் சீட்டோடு பிடிபட்ட பையன்கள் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று அம்மாவுக்கு முப்பத்தோரு வருஷம் தெரியும். அதேபோல் உட்கார்ந்திருந்தாள்.

"எப்பருந்து மேடம்?"

"காலைலருந்து."

"மொத நாள் தேய்ச்சீங்களா?"

"லேசா."

"அவ்வளவு தடவ சொன்னேனே, ஏன் தேய்ச்சீங்க?" 'மேடம்' இல்லாமல் வந்துவிட்டது அந்தக் கேள்வி. மூன்று வருஷத்துக்கு முன்பு, சூடான பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குகிற அம்மாவை அதட்டின அதே குரல்.

"அழுதேன்" என்றாள் அம்மா.

அந்தப் பக்கம் மூச்சு ஒன்று உள்ளே போனது. வெளியே வந்ததா, தெரியவில்லை. விசைப்பலகை மறுபடி தட்டியது.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு மேடம். 'கண்ணீர்'னு போட்டுக்கறேன். பைலை டாக்டருக்கு மாத்தறேன்."

"மாத்தாதம்மா. வலியே இல்ல. ஒரு கண்ணு போதும் எனக்கு, என்னத்தப் பாக்கப் போறேன்."

"மாத்தணும் மேடம்."

"ஒரு வாரம் பொறுத்துக்கோ. பதினாலாம் நாள் ஆன உடனே நானே போய் டாக்டர்கிட்ட நிக்கறேன்."

"தெரிஞ்சும் மாத்தலைன்னா என் வேலை போயிரும்."

ஒரு தடவை அம்மாவின் பிடிவாதத்தால் மகளுக்கு ஒரு வீடு போனது. இன்னொரு தடவை வேலையும் போவதற்கு அவளால் எப்படி வாய் திறக்க முடியும்?

"சரி, மாத்திரு" என்றாள். "அப்போ பதினாலாம் நாள் போன்?"

"வராது மேடம்."

அப்பா எழுந்து போய் பிரிட்ஜ் கதவிலிருந்து தாளை உருவிக்கொண்டு வந்தார். காந்தம் தரையில் விழுந்து உருண்டது. தாளைத் திருப்பி, பதினேழு வரி இருக்கிற பக்கத்தை அம்மாவின் மடியில் வைத்தார். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே அவசரமான காரியம் அதுதான்.

அம்மா படித்தாள். வகுப்பில் பாடம் வாசிக்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"அன்னைக்கு நீ வாசல்ல வந்து நின்னப்போ..."

"மேடம்."

"...நான் உன் பெட்டியத்தான் பாத்தேன், உன்ன..."

"மேடம், அது பதினாலாம் நாள் கேள்வி. இன்னைக்கு லிஸ்ட்ல இல்ல."

ஒரு வரி கூட முழுசாக முடியவில்லை. பதினாறே முக்கால் வரி தாளிலேயே நின்றது.

அம்மா தாளை மடித்தாள். பாதியாக, கால்வாசியாக, அதற்குமேல் மடிக்க முடியாத அளவுக்கு. துண்டுச் சீட்டு அளவுக்கு ஆனது.

"லிஸ்ட்ல இருக்கறதையே கேக்கறேன். இந்தக் கோடு திரும்ப வருமா?"

"வரும் மேடம். மூணு நாலு மாசத்துல எல்லாருக்கும் வந்துரும்."

"இமை?"

"அதுவும் சரியாயிரும். சில வாரம் ஆகும். டாக்டர் சொட்டு மருந்து குடுப்பாங்க."

"அப்போ எல்லாமே பழையபடி ஆயிரும்."

"ஊசியால மாறினது மட்டும் மேடம்."

லிஸ்ட் முடிந்தது. அம்மா வைக்கவில்லை. மகளும் வைக்கவில்லை. அறையில் மூன்று பேர், போனுக்குள் ஒருத்தி. நாலு பேரும் மூச்சு விடுவதை நாலு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிஷம் ஆனது. அந்தப் பக்கம் யாரோ தூரத்தில் வேறு ஒரு வாடிக்கையாளரிடம் சிரித்துப் பேசுவது கேட்டது. இரண்டு நிமிஷம் ஆனது. இப்படியே மாலை வரை உட்கார்ந்திருக்கவும் அம்மா தயார்.

"நீங்கதான் வைக்கணும் மேடம்" என்றாள் மகள். மூக்கு இன்னும் அடைத்திருந்தது. "எங்களுக்கு எந்தப் போனையும் வைக்க அனுமதி இல்ல."

அன்றைக்குக் கதவை மூடியவளும் அவள்தான். இன்றைக்கும் அவளே மூடவேண்டியிருந்தது. அம்மா விரலை நீட்டினாள், எடுத்தாள், மறுபடி நீட்டினாள். சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

டேப்பைப் பிய்த்தாள். இமை இறங்கியது. பிறகு இரண்டு கையாலும் முகத்தைப் போட்டுத் தேய்த்தாள். தேய்க்காதே என்று சொல்ல இனி அவளுக்கு யாரும் போன் பண்ணப்போவதில்லை.

ரேடியோ ஒன்றும் பேசவில்லை. அவள் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு கால் மணி நேரம் இருந்ததில்லை. காபி போட எழுந்து போனாள். சமையலறையில் எதையோ கீழே போட்டாள்; திட்டக்கூட இல்லை.

அப்போது போன் ஒரு தடவை துடித்தது. செய்தி.

"நீங்க பாருங்க" என்றாள் அம்மா. "எனக்கு எழுத்தெல்லாம் தண்ணிக்குள்ள இருக்கு."

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். முதல் வரியில் நின்றுவிட்டார்.

"என்னங்க?"

"உன் பேரு."

"என் பேருன்னா?"

"எங்கம்மா பேரு இல்ல. உன் பேரு. இனிஷியலோட, எழுத்துப் பிழை இல்லாம. டாக்டரைப் பார்க்க நேரம் ஒதுக்கியிருக்குன்னு போட்டிருக்கு."

அம்மா நிமிர்ந்தாள். கிளினிக்கில் அந்தப் பெயரை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கட்டடம் முழுக்க அது தெரிந்தவள் ஒரே ஒருத்தி. ஒரு கண்ணும் பாதிக் கண்ணுமாக அவள் முகத்தில் மூன்று வருஷமாக இல்லாத ஒன்று ஏறியது. நெற்றி ஒத்துழைக்காததால் அது கன்னத்தோடு நின்றது.

"என் பேர அடிச்சிருக்கா பாருங்க. அவ கையால அடிச்சிருக்கா. அப்போ வரச் சொல்றா. வேலைய விடமாட்டா. விடறவ எதுக்குப் பேர மாத்தறா? ஏய், காபி அப்புறம் போடுடி, அந்தப் பச்ச ஸ்வெட்டர எடு, அது அவ வாங்கிக் குடுத்தது. இல்ல, வேணாம், அவளுக்கு அதப் பாத்தாக் கோபம் வரும். இல்ல, எடு. நான் ஒண்ணும் பேசமாட்டேங்க. லிப்ட்டுக்குப் பக்கத்துல ஓரமா நிப்பேன். அவ செருப்பு போறதப் பாத்தாக்கூடப் போதும். நீங்க பாத்த மாதிரி."

அப்பா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வரியில் நேரமும் கிழமையும் இருந்தது.

காலை பத்து. புதன்.

அவர் தலைக்குப் பின்னால் சுவரில் காலண்டர். சிவப்பு வட்டங்கள், மகளின் லீவு நாட்கள், வரிசையாக, வருஷம் முடிய.

பெயரைத் திருத்தியவளும் அவள்தான், கிழமையைத் தேர்ந்தெடுத்தவளும் அவள்தான். அப்பா தன் கட்டை விரலை மெல்ல நகர்த்தி இரண்டாவது வரியின் மேல் வைத்தார்.

"எப்போன்னு போட்டிருக்கு?" என்றாள் அம்மா.

"இரு" என்றார் அப்பா. "கண்ணாடிய எங்க வச்சேன்னு தெரியல."

கண்ணாடி அவர் மூக்கின்மேல் இருந்தது.

அம்மா அதைப் பார்த்தாள். அவர் விரலைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள். பழைய நாளாக இருந்தால் இந்நேரம் பதினொண்ணு எழுந்திருக்கும், அப்பா தானாக எல்லாவற்றையும் ஒப்பித்திருப்பார். முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக, அவள் கண்டுபிடித்துவிட்டாளா இல்லையா என்பது அவருக்குத் தெரியவில்லை. அந்த நெற்றி வழவழவென்று, யாருடையதோ போல, அவருக்கு எதிரே இருந்தது.

"தேடுங்க" என்றாள் அம்மா. "நான் இங்கதான் இருக்கேன்."